கை செய்வதும் மனம் ஏற்பதும்: அண்மைக்கால வீடியோ கேம் விமர்சனங்களை முன்வைத்து

2020 டிசம்பர் 7 அன்று ‘சைபர்பங்க் 2077’ பற்றிய முதல் மதிப்புரைகள் வெளிவந்தன. பல ஊடகங்களின் மதிப்பெண்களைத் திரட்டிச் சராசரி சொல்லும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் அதற்கு 90ஐ ஒட்டி மதிப்பெண் கிடைத்தது. மூன்று நாள் கழித்து விளையாட்டு விற்பனைக்கு வந்தது. அடுத்த வாரமே, டிசம்பர் 17இல், சோனி நிறுவனம் அதைத் தன் பிளேஸ்டேஷன் இணையக் கடையிலிருந்து எடுத்துவிட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. நடந்தது இதுதான்: போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் விமர்சகர்களுக்குக் கணினிப் பதிப்பை மட்டுமே கொடுத்திருந்தது. தாங்கள் ஆடியபோது பதிவுசெய்த காட்சிகளை மதிப்புரையில் காட்டவும் அவர்களுக்கு அனுமதி இல்லை. பழைய பிளேஸ்டேஷன் 4 வைத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது முகங்கள் உருகி நிற்கும், நிமிடத்துக்கு நிமிடம் தடுக்கி விழும் ஒரு பண்டம். மூன்றாண்டு ஒட்டுப்போடலுக்குப் பிறகு, 2023 செப்டம்பரில் 2.0 பதிப்பும் ‘ஃபேண்டம் லிபர்ட்டி’ என்னும் விரிவாக்கமும் வந்தபோது, அதே விளையாட்டைப் பலரும் மனமாரப் பாராட்டினார்கள். அதற்குள் அது உண்மையிலேயே வேறொரு விளையாட்டாக மாறியிருந்தது.

நாவலுக்கோ திரைப்படத்துக்கோ விமர்சனம் எழுதுபவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர் படித்த பக்கம் நாளையும் அப்படியேதான் இருக்கும். வீடியோ கேம் விமர்சகரின் காலடியில் நிலம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. போதாக்குறைக்கு, அவர் எழுதும் மூவாயிரம் சொற்களையும் தாண்டி எல்லோரும் பார்ப்பது கடைசியில் இருக்கும் எண்ணைத்தான். அந்த எண்ணுக்கு இருக்கும் அதிகாரம் கொஞ்சநஞ்சமல்ல. 2010இல் வெளியான ‘ஃபால்அவுட்: நியூ வேகஸ்’ மெட்டாகிரிட்டிக்கில் 85 பெற்றால் அதை உருவாக்கிய அப்சிடியன் நிறுவனத்துக்கு ஊக்கத்தொகை என்பது ஒப்பந்தம். கிடைத்தது 84. ஒரே ஒரு புள்ளியில் பணம் போயிற்று என்பதை அதன் எழுத்தாளர்களில் ஒருவரான கிரிஸ் அவலோன் 2012இல் வெளியே சொன்னார். யூரோகேமர் இதழ் 2015இல் மதிப்பெண் போடுவதையே கைவிட்டது. 2023இல் ஐந்து நட்சத்திர முறையோடு திரும்ப வந்தது. அதே ஆண்டு பெதஸ்தாவின் ‘ஸ்டார்ஃபீல்ட்’ விளையாட்டுக்கு ஐஜிஎன் தளம் பத்துக்கு ஏழு கொடுத்ததற்காக அந்த விமர்சகரை ரசிகர்கள் வறுத்தெடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் எழுபது வாங்கினால் வீட்டில் சும்மா விடுவார்கள். இங்கே எழுபது என்பது அவமானம்.

இந்த இரைச்சலுக்கு நடுவிலும் கடந்த ஐந்தாறு ஆண்டுகளில் இத்துறையில் தரமான விமர்சனம் நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. அவற்றைத் தொடர்ந்து படித்துவருபவன் என்ற முறையில் எனக்கு ஒன்று தெளிவாகப்படுகிறது. காட்சியழகு, கதை, இசை என்று தனித்தனியாகப் பட்டியலிட்டு மதிப்பிடும் கட்டுரைகள் சீக்கிரமே பழசாகிவிடுகின்றன. இந்த விளையாட்டு என் கையை என்ன செய்யவைத்தது, அதைச் செய்தபோது என் மனம் அதற்கு உடன்பட்டதா என்று கேட்கும் கட்டுரைகள் நிற்கின்றன. 2007இல் கிளின்ட் ஹாக்கிங் ‘பயோஷாக்’ பற்றி எழுதிய குறிப்புதான் இந்தப் பார்வைக்கு வழிவிட்டது என்பேன். அவரே விளையாட்டு வடிவமைப்பாளர். சுயநலமாக நடந்துகொண்டால் ஆட்டத்தில் வலிமை கூடுகிறது, கதையோ எந்தக் கேள்வியும் கேட்காமல் பிறருக்கு உதவச் சொல்கிறது, இரண்டும் ஒட்டவில்லை என்பது அவர் குற்றச்சாட்டு. தத்துவவாதி சி. தி நுயென் 2020இல் வெளியிட்ட நூலில் இன்னும் ஆழமாகப் போனார். விளையாட்டை உருவாக்கும் கலைஞரின் மூலப்பொருள் ஆடுபவரின் செயலாற்றும் திறனே என்பது அவர் வாதம். நமக்கு ஓர் இலக்கையும் சில திறன்களையும் சில தடைகளையும் கொடுத்து, கொஞ்ச நேரத்துக்கு நம்மை வேறொருவராக வாழவைக்கிறார் அந்தக் கலைஞர். இந்த உரைகல்லைக் கையில் வைத்துக்கொண்டுதான் கீழே உள்ள விளையாட்டுகளையும் அவற்றைப் பற்றிய கருத்துகளையும் பார்க்கிறேன்.

முதலில் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்: பகுதி 2’. நாட்டி டாக் நிறுவனம் 2020 ஜூனில் வெளியிட்டது. விமர்சகர்களின் சராசரி 93. வாசகர் மதிப்பெண் பகுதியிலோ வெளியான சில மணி நேரத்துக்குள் ஆயிரக்கணக்கான பூஜ்யங்கள் விழுந்தன. முடிக்கவே இருபத்தைந்து மணி நேரம் பிடிக்கும் விளையாட்டு அது. அடுத்த மாதமே, விளையாட்டு வெளியாகி 36 மணி நேரம் கழித்துத்தான் பொதுமக்கள் மதிப்பெண் போடலாம் என்று மெட்டாகிரிட்டிக் விதியை மாற்றியது. இந்தச் சண்டையில் உண்மையான விவாதம் அமுங்கிப்போனது. அதை எடுத்துப் பேச வேண்டும். ஒரு காட்சியில் எல்லி என்னும் இளம்பெண் தான் தேடும் ஆளின் இருப்பிடத்தைத் தெரிந்துகொள்வதற்காக, நச்சுக்காற்றில் மூச்சுத்திணறிக் கிடக்கும் நோரா என்னும் பெண்ணை இரும்புக்குழாயால் அடிக்கிறாள். திரை முழுக்கச் சிவப்பு வெளிச்சம். எல்லியின் முகம் மட்டும் தெரிகிறது. சதுரப் பொத்தானை அழுத்து என்கிறது விளையாட்டு. அழுத்தாவிட்டால் எதுவும் நகராது, அவள் ஓங்கிய கையோடு நிற்பாள். அழுத்தினால் ஓர் அடி. மறுபடியும் பொத்தான்.

கை தயங்குகிறதே, அந்தத் தயக்கம்தான் இந்தப் படைப்பின் பொருள் என்றனர் ஒரு தரப்பினர். வேறு வழியே கொடுக்காமல் என்னைச் செய்யவைத்துவிட்டு என்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நேர்மையா என்று கேட்டனர் மறுதரப்பினர். அந்த ஒரு காட்சியைப் பொறுத்தவரை நான் முதல் தரப்போடு நிற்கிறேன். முழு விளையாட்டையும் எடுத்துக்கொண்டால் இரண்டாம் தரப்பின் வாதமே வலுவானது. ஏனென்றால் அந்தக் காட்சிக்கு முன்னும் பின்னும் மணிக்கணக்காக நாம் புதரில் பதுங்கி, கத்தியைக் கூர்தீட்டி, துப்பாக்கியை மேம்படுத்தி, எதிரிகளை ஒவ்வொருவராக வீழ்த்துகிறோம். அது அத்தனை நேர்த்தியாக, அத்தனை இன்பமாக வடிவமைக்கப்பட்டிருக்கிறது. கதை வெறுக்கச் சொல்வதைக் கை ரசித்துக்கொண்டே இருக்கிறது. ஹாக்கிங் சுட்டிக்காட்டிய அதே விரிசல், பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, பன்மடங்கு பொருட்செலவில். ஒன்றை மட்டும் மறுக்க முடியாது. பார்வையற்றவர்களும் கேட்கும் திறன் இல்லாதவர்களும் முழுமையாக ஆடி முடிக்கும் வகையில் அறுபதுக்கும் மேற்பட்ட வசதிகளை அது தந்தது. பின்னால் வந்த எல்லா விவாதங்களுக்கும் இது ஓர் அளவுகோலாயிற்று.

அந்த அளவுகோலோடு நேருக்கு நேர் மோதியது, கடினத்தையே அடையாளமாகக் கொண்ட ‘எல்டன் ரிங்’. ஜப்பானின் ஃபிரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தில் ஹிடெடாகா மியசாகியின் இயக்கத்தில், உலகின் தொன்மக்கதைக்கு ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் பங்களிப்போடு 2022 பிப்ரவரியில் வந்தது. ஆண்டின் சிறந்த விளையாட்டு விருதும் பெற்றது. குகையிலிருந்து வெளியே வந்ததும் பசும்புல்வெளி விரிகிறது. சற்றுத் தூரத்தில் தங்கக் கவசம் பூண்ட குதிரைவீரன் ஒருவன் மெதுவாக ரோந்து போகிறான். மற்ற விளையாட்டுகளில் ஆடிப் பழகியவர் நேராக அவனிடம் போவார். இரண்டே அடியில் சாவார். மறுபடியும் போவார், மறுபடியும் சாவார். ஐந்தாறு முறைக்குப் பின் உறைக்கும்: இவனோடு இப்போது மோத வேண்டிய அவசியமே இல்லை, சுற்றிக்கொண்டு போகலாம், பலம் சேர்த்துக்கொண்டு பிறகு வரலாம். ஒரு சொல்கூடச் சொல்லாமல் கற்றுக்கொடுக்கப்பட்ட பாடம் இது. வரைபடமெங்கும் அடையாளக்குறிகளைக் கொட்டி நம்மை வேலையாளாக நடத்தும் விளையாட்டுகளிலிருந்து விடுதலை என்று பெரும்பாலான விமர்சகர்கள் கொண்டாடியது இதைத்தான். பிற்பகுதியில் ஒரே எதிரியைத் திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறது என்ற குறையும் பலரால் சொல்லப்பட்டது. அதுவும் உண்மையே.

கடினத்தைப் பற்றிய சண்டை 2025 செப்டம்பர் 4 அன்று இன்னும் கூர்மையாயிற்று. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஆரி கிப்சன், வில்லியம் பெலன் தலைமையில் இயங்கும் மிகச் சிறிய குழுவான டீம் செர்ரி, ஆறரை ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு ‘ஹாலோ நைட்: சில்க்சாங்’ விளையாட்டை வெளியிட்டது. வெளியான நிமிடத்தில் இணையக் கடைகள் முடங்கின. அடுத்த நாளே முணுமுணுப்பு தொடங்கியது. கணக்கைப் பாருங்கள். ஹார்னெட் என்னும் நாயகிக்குத் தொடக்கத்தில் ஐந்து உயிர்ப்புள்ளிகள். இதற்கு முன் வந்த ‘ஹாலோ நைட்’ விளையாட்டில் பெரும்பாலான அடிக்கு ஒரு புள்ளி போகும். இங்கே பல எதிரிகள் ஓர் அடிக்கு இரண்டு புள்ளி பறிக்கிறார்கள். ஐந்து என்று எழுதியிருந்தாலும் கையிருப்பு மூன்று அடி. நாயகி தன்னைக் குணப்படுத்திக்கொள்ளும்போது ஒரே மூச்சில் மூன்று புள்ளிகள் திரும்பும், ஆனால் அதற்குச் சேர்த்துவைத்த பட்டுநூல் முழுவதும் செலவாகும். அதைச் சேர்க்க எதிரியை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பயந்து ஒதுங்குபவருக்கு மருந்தும் இல்லை என்று ஆகிறது. துணிச்சலைத் தவிர வேறு வழி இல்லாத ஆட்டம்.

இந்தக் கணக்கை விளங்கிக்கொண்டு எழுதிய விமர்சகர்கள் குறைவு. “ரொம்பக் கஷ்டம்” என்று சலித்துக்கொண்டவர்களும் “உனக்கு ஆடத் தெரியவில்லை” என்று எகிறியவர்களுமே அதிகம். என் பார்வையில் சண்டைகளின் கடினம் நியாயமானது. தோற்றபின் மீண்டும் அந்த எதிரியிடம் போய்ச் சேர நடக்க வேண்டிய நெடும்பாதைதான் நியாயமற்றது. தோல்வியிலிருந்து கற்பதற்கும் தோல்விக்குத் தண்டனையாக நேரத்தைப் பிடுங்கிக்கொள்வதற்கும் வேறுபாடு உண்டு. நிறுவனமும் முதல் திருத்தத்திலேயே தொடக்கப் பகுதியின் சில எதிரிகளைச் சற்றுத் தணித்தது. இன்னொரு செய்தியும் கவனத்துக்குரியது. சீன மொழியில் ஆடியவர்கள் மொழிபெயர்ப்பின் செயற்கையான நடையைக் கண்டித்து எதிர்மறை மதிப்புரைகளைக் குவித்தார்கள். நடையைக் காரணம் காட்டி ஒரு விளையாட்டை வாசகர்கள் திருப்பியடித்ததை நான் மிக ஆரோக்கியமான விமர்சனச் செயலாகவே எடுத்துக்கொள்கிறேன்.

தேர்வுச் சுதந்திரம் என்று எடுத்துக்கொண்டால், 2023 ஆகஸ்டில் வந்த ‘பால்டர்ஸ் கேட் 3’ பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம், ஸ்வென் விங்கெயின் தலைமையில், கிட்டத்தட்ட மூன்றாண்டுக் காலம் முதல் பகுதியை மட்டும் ஆடுபவர்களிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டுச் செதுக்கியது. எத்தனையோ நுணுக்கங்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பிணத்தோடு பேசும் மந்திரம் ஒன்று இதில் உண்டு. செத்தவர் ஐந்து கேள்விகளுக்குப் பதில் சொல்வார். அவரைக் கொன்றது நீங்களே என்றால் வாய் திறக்க மாட்டார். அப்போது உருமாறும் மந்திரத்தால் முகத்தை மாற்றிக்கொண்டு வந்து கேட்டால் பேசிவிடுவார். யாரோ ஒரு வடிவமைப்பாளர், ஆடுபவர் இப்படியும் யோசிக்கக்கூடும் என்று முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறார். உரையாடலின் நடுவே இருபது முகப் பகடை திரையில் உருளும்போது, தோற்றாலும் கதை நின்றுவிடாது, வேறு பக்கம் திரும்பும். மூன்றாவது பகுதியில் நகரத்துக்குள் நுழைந்ததும் தையல் பிரியத் தொடங்குகிறது என்ற விமர்சனம் வெளியான நாளில் சரியாக இருந்தது. பல திருத்தங்களுக்குப் பின் ஓரளவு சரியானது. இருந்தும் இத்தனை கதவுகளைத் திறந்துவைக்கும் விளையாட்டில் ஒரு கதவு மூடுவதன் வலி குறைவு என்பது என் எண்ணம். சேமித்துவைத்த இடத்துக்குத் திரும்பிப்போய்ப் பகடையை மறுபடி உருட்டிக்கொள்ளலாமே.

அந்த வலியை முழுமையாகத் தந்தது அதைவிடப் பன்மடங்கு சிறிய ‘பென்டிமென்ட்’. ஜாஷ் சாயர் இயக்கத்தில் அப்சிடியனின் சிறுகுழு ஒன்று 2022 நவம்பரில் வெளியிட்டது. பதினாறாம் நூற்றாண்டு பவேரியாவில் ஒரு மடாலயமும் அதை அண்டிய சிற்றூரும் களம். ஆண்ட்ரியாஸ் மாலர் என்னும் ஓவியன் மடாலயத்தில் ஏடுகளுக்குச் சித்திரம் தீட்டுகிறான். ஒரு பிரபு கொல்லப்படுகிறார். ஆண்ட்ரியாஸின் முதிய நண்பர் மீது பழி விழுகிறது. உண்மையைத் தேட அவனுக்குச் சில நாட்களே உண்டு. நேரம் இங்கே கடிகாரத்தில் ஓடுவதில்லை, சாப்பாட்டு வேளைகளில் ஓடுகிறது. மதியம் குடியானவன் வீட்டில் ரொட்டியும் கூழும் சாப்பிட்டால் அவன் குடும்பத்தின் மனக்குறை தெரியவரும். அதே வேளையில் அச்சகக்காரர் வீட்டில் நடந்த பேச்சு நமக்கு எப்போதும் தெரியாது. எல்லோரோடும் உட்கார முடியாது. கடைசியில் ஒருவரைக் கைகாட்டியாக வேண்டும். காட்டப்பட்டவருக்கு ஊரார் முன்னிலையில் மரண தண்டனை நிறைவேற்றப்படுகிறது. அவர்தான் கொலையாளியா என்பதை விளையாட்டு கடைசிவரை உறுதிப்படுத்துவதில்லை. ஏழாண்டுகள் கழித்து ஆண்ட்ரியாஸ் அதே ஊருக்குத் திரும்பும்போது அந்தக் குடியானவர் குடும்பத்தின் பிள்ளைகள் வளர்ந்து நிற்கிறார்கள்.

இதில் குரல் நடிப்பு இல்லை. பேச்செல்லாம் எழுத்து வடிவில்தான். குடியானவர் பேச்சு கிறுக்கலாகவும் துறவியர் பேச்சு அடர்ந்த கோதிக் எழுத்திலும் அச்சகக்காரர் பேச்சு அச்சுக்கோத்த எழுத்திலும் வருகிறது. கிறுக்கலில் பேசிக்கொண்டிருந்த ஒருவர் படித்தவர் என்று தெரியவந்ததும் உரையாடலின் நடுவிலேயே அவர் எழுத்துவடிவம் மாறிவிடும். மாறியது அவரல்லர், அவரைப் பற்றிய ஆண்ட்ரியாஸின் கணிப்பு. வகுப்புப் பார்வை எப்படிக் கண்ணில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதைச் சொல்ல இதைவிடச் சிக்கனமான உத்தியை நான் எந்தக் கலையிலும் பார்த்ததில்லை. மெதுவாக நகர்கிறது, ‘விளையாட’ ஒன்றும் இல்லை என்று சில மதிப்புரைகள் குறைப்பட்டன. யாரோடு சாப்பிடுவது என்ற தேர்வையே செயலாகக் கருதாத மதிப்புரைகள் அவை. இந்த வகையில் முன்னோடி 2019இல் வந்த ‘டிஸ்கோ எலீசியம்’. எஸ்டோனியாவின் நாவலாசிரியர் ராபர்ட் குர்விட்ஸ் வடித்த உலகம் அது. குடித்துக் கிடந்து நினைவிழந்து எழும் துப்பறிவாளனின் இருபத்து நான்கு குணங்களும் தலைக்குள் தனித்தனிக் குரலாகப் பேசும். உடல்வலுவைக் குறைத்து வைத்திருந்தால் விளக்கைப் போட்ட அதிர்ச்சியிலேயே ஆள் செத்துப்போகலாம். அதன் உரைநடையைப் புகழாத விமர்சகர் இல்லை. அதை ஆக்கிய முதன்மையானவர்கள் பிறகு அந்த நிறுவனத்தைவிட்டே வெளியேற நேர்ந்தது வருத்தமான கதை.

அதிர்ஷ்டத்தைக் கையாளும் விளையாட்டுகளுக்கு வருவோம். கனடாவைச் சேர்ந்த, லோக்கல்தங்க் என்ற புனைபெயரில் மட்டும் அறியப்படும் ஒருவர் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட ‘பலாட்ரோ’ போக்கர் சீட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு 150 ஜோக்கர்களால் அதன் விதிகளைக் கலைத்துப்போடுகிறது. ஒரு மாதத்துக்குள் பத்து லட்சம் விற்றது. இதில் பணம் கட்டி ஆடுவது கிடையாது. எனினும் சூதாட்டச் சாயல் என்று சொல்லி ஐரோப்பிய வயதுத்தர நிர்ணய அமைப்பு இதைப் பதினெட்டு வயதுக்கு மேல் என்று வகைப்படுத்தியது. உண்மையான பணத்துக்கு அதிர்ஷ்டப் பொட்டலம் விற்கும் கால்பந்து விளையாட்டுகளுக்கு அப்போது மூன்று வயது முத்திரை. லோக்கல்தங்க் இதை வெளிப்படையாகக் கேட்டார். 2025 பிப்ரவரியில் தரம் பன்னிரண்டாக மாற்றப்பட்டது. அந்த அமைப்பு விளையாட்டின் தோற்றத்தைத்தான் பார்த்தது, ஆடுபவரின் பை எப்படிக் காலியாகிறது என்பதைப் பார்க்கவில்லை. ‘பலாட்ரோ’வைப் புகழ்ந்து எழுதியவர்களும் விடிய விடிய ஆடியதையே பாராட்டாகச் சொன்னார்கள். தூக்கத்தைக் கெடுப்பது ஒரு படைப்பின் தகுதியாகுமா என்பதை இன்னும் அழுத்தமாகக் கேட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு ஜோக்கரும் கணக்கை எப்படி மாற்றுகிறது என்று ஆடுபவரை யோசிக்கவைக்கிறது என்பதால் நான் இதன் பக்கம் நிற்கிறேன்.

2025 ஏப்ரலில் வந்த ‘ப்ளூ பிரின்ஸ்’ இதற்கு நேர்மாறான சிக்கலில் மாட்டியது. டோன்டா ராஸ் எட்டாண்டுகள் உழைத்து ஆக்கிய இந்தப் புதிரில், 45 அறைகள் கொண்ட மாளிகையில் 46ஆவது அறையைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு கதவிலும் மூன்று அறைகள் நீட்டப்படும், ஒன்றைத் தேர்ந்தால் அது அங்கே எழும்பும். மறுநாள் மாளிகை வெறுமையாகிவிடும். முதல் இருபது மணி நேரம் குறிப்பேடும் பேனாவுமாக ஆடுவது பேரின்பம். அதன்பின் விடை தெரிந்தும், தேவையான அறை சீட்டில் விழாததால் நாள்கணக்கில் காத்திருக்க நேர்கிறது. விமர்சகர்கள் பலர் முதல் கட்டத்திலேயே பாராட்டை எழுதி முடித்துவிட்டார்கள் என்று பிறகு ஆடியவர்கள் சொன்னது நியாயமான புகார். மதிப்புரைக்கான கெடு நெருங்கும்போது இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

‘பிளாக் மித்: வூகோங்’ பற்றிய விவாதத்தில் விளையாட்டே ஓரத்துக்குப் போனது. 2024 ஆகஸ்ட் 20இல் வெளியாகி மூன்றே நாளில் ஒரு கோடிப் பிரதிகள் விற்ற சீன விளையாட்டு அது. பெண்ணியம், பெருந்தொற்று போன்றவற்றைப் பேச வேண்டாம் என்று நேரலை செய்பவர்களுக்கு வெளியீட்டுத் தரப்பு அனுப்பிய அறிவுறுத்தல் பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. கண்டனம் சரியே. ஆனால் விளையாட்டைப் பற்றி எழுத வந்தவர்கள் பலர் அதோடு நின்றுவிட்டார்கள். ஷான்ஷி மாகாணத்தின் பழங்கோயில்களை அங்குலம் அங்குலமாகப் படமெடுத்து இதில் சேர்த்திருக்கிறார்கள். இரண்டாம் அத்தியாயத்தில், மஞ்சள் மணற்காட்டின் நடுவே, தலையில்லாத துறவி ஒருவர் மூன்று தந்தி வாத்தியத்தை மீட்டி ஷென்ஷி என்னும் வேறொரு மாகாணத்தின் வடபகுதிக் கதைப்பாட்டு மரபில் பாடிக்கொண்டிருப்பார். கூத்தும் வில்லுப்பாட்டும் கேட்டு வளர்ந்த எவரும் அந்த இடத்தில் நின்றுவிடுவார்கள். குறை வேறு இடத்தில் இருக்கிறது. இத்தனை அழகான காட்டில் எந்தப் பக்கம் போகலாம், எங்கே கண்ணுக்குத் தெரியாத சுவர் தடுக்கும் என்பது கடைசிவரை புரிவதில்லை. கண்ணுக்கு விரித்துக் காட்டிய உலகைக் காலுக்குக் கொடுக்கவில்லை.

2025இன் பெரும்பாலான விருதுகளை அள்ளியது பிரான்ஸின் மோன்பெலியே நகரத்தில் உருவான ‘கிளேர் ஆப்ஸ்கூர்: எக்ஸ்பெடிஷன் 33’. யூபிசாஃப்ட்டில் இருந்து வெளியேறிய கியோம் புரோஷ் தொடங்கிய சாண்ட்ஃபால் நிறுவனத்தின் முதல் படைப்பு. ஆண்டுக்கொருமுறை ஓர் ஓவியக்காரி விழித்தெழுந்து தூணில் ஓர் எண்ணை எழுதுகிறாள், அந்த வயதுக்காரர் அத்தனை பேரும் மலரிதழாகக் காற்றில் கரைகிறார்கள். தொடக்கத்தில் நாயகன் தன் பழைய காதலியோடு துறைமுகத்துக்கு நடந்துபோகும் அரைமணி நேரத்தில், அவளுக்கு இன்று கடைசி நாள் என்பதை யாரும் உரத்துச் சொல்வதில்லை. நான் மிக விரும்பும் பகுதி அது. சண்டையில் எதிரியின் அடியைச் சரியான கணத்தில் தட்டிவிடும் வித்தை அதிகப் பலம் வாய்ந்தது, அதனால் மற்ற உத்திகளுக்கு வேலையில்லாமல் போகிறது என்ற விமர்சனத்தில் உண்மை இருக்கிறது. முப்பது பேர் செய்த அற்புதம் என்று ஊடகங்கள் எழுதியதில் உண்மை குறைவு. அசைவூட்டத்துக்குத் தென்கொரியக் கலைஞர்கள், சோதனைக்கும் குரலுக்கும் வெளியார் குழுக்கள் என்று பெயர்ப்பட்டியல் நீள்கிறது. அந்தப் பெயர்களையும் எழுதுவது விமர்சகரின் கடமைக்குள் வரும். 2025 டிசம்பரில், உருவாக்கத்தின்போது செயற்கை நுண்ணறிவு தயாரித்த படத்துணுக்குகள் பயன்பட்டதைக் காரணம் காட்டி இண்டி கேம் அவார்ட்ஸ் அமைப்பு இதற்குத் தந்த விருதுகளைத் திரும்பப் பெற்றது. தற்காலிகமாக வைத்த துணுக்குகள் தவறுதலாக நின்றுவிட்டன, பிறகு நீக்கிவிட்டோம் என்பது நிறுவனத்தின் விளக்கம். செயற்கை நுண்ணறிவு கூடாது என்ற விதி முன்பே எழுதப்பட்டிருந்ததால் அமைப்பு செய்தது சரி.

கடைசியாக, தமிழ்க் குடும்பம் ஒன்றை மையமாக வைத்து உலக அரங்குக்குப் போன ‘வெண்பா’. டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. சான்பிரான்சிஸ்கோவின் சுயாதீன விளையாட்டு விழாவில் முதல் பரிசும், பிரிட்டனின் பாஃப்டாவில் அறிமுகப் படைப்புக்கான விருதும் 2024இல் இதற்குக் கிடைத்தன. 1988இல் கனடாவில் குடியேறிய வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின். அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பேட்டில் எழுத்துகள் அழிந்துபோயிருக்கின்றன. விட்டுப்போன வரிகளை ஊகித்து நாம் சமைக்க வேண்டும். இட்லித்தட்டை எந்த வாக்கில் அடுக்கினால் ஆவி மேலே ஏறும் என்பது முதல் புதிர். மேற்கத்திய மதிப்புரைகள் இதைக் கண்டுபிடிப்பின் மகிழ்ச்சியாக எழுதின. நமக்கு அது புதிரே அல்ல. குழி குழிக்கு மேல் உட்காரக் கூடாது என்பதை யோசிக்காமலே கை செய்துவிடும். அதனால் தமிழர் ஆடுவது வேறொரு விளையாட்டு. அவர் கை எங்கும் தடுமாறுவதில்லை, தடுமாறப்போகும் மகனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கவினின் பார்வையில் கதை நகரும்போது அவனுக்குப் பிடிபடாத அம்மாவின் பேச்சு திரையில் மங்கித் தெரிவது அதனால்தான் நம்மை அதிகம் தாக்குகிறது.

ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது, கொடுத்த காசுக்குப் போதாது என்ற குறையை நான் ஏற்கவில்லை. சிறுகதையை நாவலின் எடைக்கல்லால் நிறுக்க முடியாது. ஆண்டுகளைத் தாண்டித் தாண்டிப் போகிறது என்ற குறையை ஏற்கிறேன். கவின் தன் பெயரையும் டிபன் டப்பாவையும் பள்ளியில் மறைக்கத் தொடங்கும் வயது ஓரிரு உரையாடல்களில் கடந்துவிடுகிறது. அவன் விலகிப்போனதை நாம் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம், நம் கையால் செய்வதில்லை. மகன் வரும் நாளுக்காக வெண்பா ஒன்றன்பின் ஒன்றாகச் சமைத்து அடுக்கும் பகுதியில் அந்தக் கை இருக்கிறது. அத்தனை வகைகளையும் நாமே கிளறி, வறுத்து, தாளித்து முடித்த பிறகு அந்த உழைப்புக்கு ஏற்ற வரவேற்பு கிடைக்காதபோது வசனம் எதுவும் தேவைப்படுவதில்லை. இதே துணிவை மகனின் பக்கத்துக்கும் காட்டி, அம்மா கட்டிக்கொடுத்த சாப்பாட்டைக் குப்பைத்தொட்டியில் கொட்டும் பொத்தானை நம்மையே அழுத்தச் செய்திருந்தால், ‘வெண்பா’ இன்னும் கடுமையான, இன்னும் உண்மையான படைப்பாகியிருக்கும்.